ஜவ்வாது மலையில் தை மாதப் பறவைகள்: பயணத்துக்கு முன் சில கேள்விகள்

பொங்கல் விடுமுறையில் வேலூரிலிருந்து பதினாறு பேர் ஜவ்வாது மலைக்குப் பறவை பார்க்கப் போகிறோம். ஜமுனாமரத்தூரில் இரண்டு இரவுகள் தங்கல். வருகிறவர்கள் கேட்டனுப்பிய கேள்விகளுக்கு, இருபது ஆண்டுகளாக அந்த மலையில் சுற்றிவருபவன் என்ற உரிமையில் பதில் எழுதுகிறேன்.

ஐயா, வேடந்தாங்கல் இருக்கும்போது பறவை பார்க்க மலைக்கு எதற்கு? (காட்பாடி)

வேடந்தாங்கலில் இருப்பவை நீர்ப்பறவைகள். ஏரி நடுவில், கண்ணெதிரே கூட்டமாக உட்கார்ந்திருக்கும். மலைக்கு வரும் விருந்தாளிகள் வேறு. இமயமலையையும் அதற்கு அப்பாலும் கடந்து வரும் பச்சைக் கதிர்க்குருவி பத்து கிராம் எடைகூட இருக்காது. வடக்கே குளிர்காலத்தில் பூச்சி கிடைக்காது. இங்கே வடகிழக்குப் பருவமழை முடிந்து காடு பசுமையாகவும் ஓடைகளில் நீரோட்டமாகவும் இருக்கும். உணவைத் தேடித்தான் அவ்வளவு தூரம் வருகிறது. ஓடைக் கற்களில் சாம்பல் வாலாட்டி, மர நிழலில் கொடிக்கால் வாலாட்டி, பாறைமேல் நீலப் பூங்குருவி என எல்லாம் இந்தப் பருவத்தில்தான். கொடிக்கால் வாலாட்டியை அடையாளம் காண்பது எளிது. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும். இது பக்கவாட்டில் ஆட்டும்.

காட்டுக்குள் மணிக்கணக்காக நடந்தும் சென்றமுறை ஒரு பறவையும் தென்படவில்லை. என்ன தவறு செய்தோம்? (குடியாத்தம்)

நடந்ததுதான் தவறு. எல்லோருக்குமாகச் சேர்த்துச் சொல்கிறேன், இதை மட்டும் மறக்காதீர்கள்.

குளிர்காலக் காட்டில் சிறு பறவைகள் பரவலாக இருப்பதில்லை. பட்டாணிக் குருவி, மாம்பழச்சிட்டு, மின்சிட்டு, கதிர்க்குருவி, மரங்கொத்தி என்று பல இனங்கள் ஒரே கூட்டமாகச் சேர்ந்து இரை தேடும். கரிச்சான் உடன் வரும். அது காவல்காரன், வல்லூறு தெரிந்தால் முதல் குரல் அதனுடையது. மற்றவை கலைத்துவிடும் பூச்சிகளைப் பறந்து பிடிப்பது அதற்குக் கிடைக்கும் கூலி. இந்தக் கூட்டம் இருக்கும் இடத்தில் ஐந்து நிமிடத்தில் பத்து இனங்களைப் பார்க்கலாம். இல்லாத இடத்தில் காடே வெறிச்சோடிக் கிடக்கும். நீங்கள் நடந்தால் கூட்டமும் நகரும், நீங்களும் நகர்வீர்கள், சந்திப்பது அரிது. ஓடையோரத்திலோ, பழுத்த அத்தி மரத்தின் அருகிலோ அரை மணி நேரம் அசையாமல் நின்று பாருங்கள். இலை உதிர்த்துப் பூத்த இலவ மரம் கிடைத்தால் பாதி நாளையே அங்கு செலவிடலாம். அந்தச் சிவப்புப் பூக்களின் தேனுக்கு மைனா, கரிச்சான், தேன்சிட்டு, சில நாள் சூறைக்குருவிக் கூட்டம் என ஒன்று போனால் ஒன்று வரும்.

விடிந்த உடனே ஒன்றும் தெரியவில்லை என்று சோர்ந்துவிடாதீர்கள். மலையில் குளிர் விலகி, கிழக்குச் சரிவின் மர உச்சியில் வெயில் பட்ட பிறகுதான் பூச்சிகள் கிளம்பும். அவற்றின் பின்னால் பறவைகளும்.

பதினாறு பேர் போனால் பறவை ஓடிவிடாதா? (ஆம்பூர்)

ஒரே கும்பலாகப் போனால் ஓடும். நான்கு நான்கு பேராகப் பிரிந்து, ஒருவர் பின் ஒருவராக நடப்போம். யாரும் விரல் நீட்டிக் கத்தக்கூடாது. மரத்தைக் கடிகாரமாக வைத்துக்கொள்ளுங்கள்: உச்சி பன்னிரண்டு மணி, வலப்பக்கக் கிளை மூன்று மணி. "இரண்டு மணி, உள் கிளை" என்று மெல்லச் சொன்னால் போதும், எட்டுக் கண்கள் ஒரே இடத்துக்குப் போய்விடும்.

எந்தத் தொலைநோக்கி வாங்கலாம்? (திருப்பத்தூர்)

8x42. அதாவது எட்டு மடங்கு பெருக்கம், முன் வில்லையின் அகலம் 42 மில்லிமீட்டர். பத்து மடங்கு பெருக்கம் ஆசை காட்டும். ஆனால் கை நடுக்கத்தையும் பத்து மடங்காக்கும், காட்சிப் பரப்பும் குறுகும். மர நிழலில் வெளிச்சமும் முக்கியம். 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25, அத்தனை மில்லிமீட்டர் அகல ஒளிக்கற்றை கண்ணுக்கு வருகிறது. 10x42இல் 4.2தான்.

ஆறுமணிக் குருவியைப் பார்த்தே ஆகவேண்டும். அதன் குரலைக் கைபேசியில் ஒலிக்கவிட்டால் வந்துவிடும் என்கிறார்களே? (வாணியம்பாடி)

வரும், தம்பி. அதனால்தான் வேண்டாம் என்கிறேன். குளிர்கால வாழிடத்திலும் அது தனக்கென ஓர் எல்லை வைத்துக் காக்கும் பறவை. குரல் கேட்டதும் வேறொருவன் நுழைந்துவிட்டான் என்று இரையை விட்டுவிட்டுச் சண்டைக்கு வருகிறது. பல ஆண்டுகளுக்கு முன் நானும் இதைச் செய்தேன். இருபது நிமிடம் என் கைபேசியைச் சுற்றிச் சுற்றி வந்து தவித்த அந்தப் பறவையை இன்றும் மறக்க முடியவில்லை. விடியலிலும் அந்தியிலும் ஆறு மணியை ஒட்டி இரட்டைச் சீழ்க்கை அடிக்கும், பெயரே அதனால்தான். சத்தம் வந்த திசையில், சருகுக்குள், தரையில் தேடுங்கள். அண்ணாந்து பார்க்காதீர்கள்.

இன்னொன்று. பாறை விளிம்புகளில் கொம்பன் ஆந்தை முட்டையிடும் காலமும் இதுவே. படம் எடுக்க நெருங்கினால் தாய் எழுந்து போய்விடும்; முட்டை வெயிலிலும் காக்கையிடமும் சிக்கும். என் குழுவில் கூட்டருகே படப்பிடிப்புக்கு இடமில்லை.

கரிச்சான்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றனவே? (அரக்கோணம்)

கண்ணைப் பாருங்கள். குளிர்காலத்தில் வரும் சாம்பல் கரிச்சானுக்கு இரத்தச் சிவப்புக் கண். காட்டில், மரத்தின் மேல்மட்டத்தில் இருக்கும். வயல் மின்கம்பியில் உட்காரும் நம் ஊர் இரட்டைவால் குருவிக்கு அலகு தொடங்கும் இடத்தில் சிறு வெள்ளைப் புள்ளி உண்டு.

ஏலகிரிக்கே போயிருக்கலாமே? (ஜோலார்பேட்டை)

பறவைகள் அங்கும் உண்டு. பொங்கல் விடுமுறையில் அந்தப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள்தான் இருக்கும்.

இரவில் ஆந்தை பார்க்க டார்ச் கொண்டுவரலாமா? (ராணிப்பேட்டை)

கால் வைக்கும் இடம் தெரிய மங்கலானது ஒன்று போதும். காப்புக்காட்டுக்குள் இரவில் போக மாட்டோம். பகலிலேயே வனத்துறை அனுமதி பெற்ற பாதை மட்டும்தான். காவலூர்ப் பக்கம் போகும்போது எந்த வெளிச்சத்தையும் மேலே அடிக்காதீர்கள். வைணு பாப்பு வானாய்வகம் அங்கே இருப்பதற்குக் காரணமே இருட்டான வானம்தான்.

பார்த்ததைப் பதிவு செய்வது எப்படி? (வேலூர்)

பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுவதும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் பதினைந்து நிமிடம் நின்று, கண்ட இனங்களையும் எண்ணிக்கையையும் ஈபேர்ட் என்ற இணையப் பறவைப் பதிவேட்டில் ஏற்றினால் போதும். நால்வருக்கு ஒருவர் எழுதட்டும். மெர்லின் செயலி குரலை வைத்துச் சொல்லும் பெயரைத் துப்பாக மட்டும் கொள்ளுங்கள். கண்ணால் பார்க்காமலோ, குரலை நீங்களே உறுதிசெய்யாமலோ பட்டியலில் சேர்க்காதீர்கள். காக்கையையும் மைனாவையும் விட்டுவிடவும் கூடாது.

எனக்கு அறுபத்தெட்டு வயது, முழங்கால் வலி. நான் வந்தால் மற்றவர்களுக்குச் சிரமமாக இருக்குமா? (ஆற்காடு)

கட்டாயம் வாருங்கள், அம்மா. தங்குமிடத்துக்கு இருநூறடி தள்ளி, சாலையோரமாகவே ஓர் இலவ மரம் நிற்கிறது. சென்ற வாரம் போனபோது மொட்டு விட்டிருந்தது. உங்களுக்காக மடக்கு நாற்காலி ஒன்றை வண்டியில் ஏற்றச் சொல்லியிருக்கிறேன். குறிப்பேடு நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். காலை ஏழிலிருந்து பத்து வரை அந்த மரத்தின் கணக்கு உங்கள் பொறுப்பு.