மிச்சமிருந்த 12 குளிசைகள்

கேள்வி: உகண்டாவில் கட்டட வேலை செய்த என் அண்ணன் மூன்று வாரத்துக்கு முன் வீடு வந்தார். இரண்டு நாளாக நடுக்கத்தோடு காய்ச்சல். டெங்கு என்று நினைத்துப் பனடோல் கொடுக்கிறோம். அங்கே வாங்கிய மலேரியாக் குளிசையில் 12 மிச்சம் இருக்கிறது, கொடுக்கலாமா? இங்கேதான் மலேரியா ஒழிந்துவிட்டதே?
– வாசகி, மாங்குளம்

பதில்: இதழ் அச்சாகும்வரை பொறுத்திருக்கும் காய்ச்சலா இது! வட்ஸ்அப்பில் கேட்டதால் அன்றே கூப்பிட்டு, "இப்போதே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் தங்கச்சி, வாசலிலேயே உகண்டா என்று சொல்லுங்கள்" என்றேன். இது மற்றவர்களுக்காக.

அந்த மருந்து ஆர்ட்டிமெதர்–லூமெஃபான்ட்ரின். பெரியவருக்கு 24 குளிசை: வேளைக்கு 4, ஆறு வேளை, மூன்று நாள். பாலோடு குடித்தால் உடம்பில் நன்றாக ஏறும். பாதி மிச்சமென்றால் காய்ச்சல் விட்டதும் அண்ணன் மருந்தையும் விட்டிருக்கிறார், கேட்டபோது ஒத்துக்கொண்டார். அங்கே கடையில் வாங்கி விழுங்குவது சாதாரணம். இங்கே இரத்தம் பார்த்து உறுதியான பிறகே தருவார்கள், வார்டில் வைத்து. மிச்சத்தை வீட்டில் கொடுத்திருந்தால் கிருமி குறைந்திருக்கும், ஒழிந்திராது. இரத்தம் தடவிய கண்ணாடித் தகட்டில் தேடுகிறவர் கண்ணுக்கும் தப்பியிருக்கும்.

மலேரியா தடை இயக்கத்தில் 22 வருடம் நுண்ணோக்கிக்குள் கண்ணை விட்டிருந்தவன் நான். விரலில் குத்தி, ஒரு தடித்த சொட்டு, ஒரு மெல்லிய பூச்சு. ஜீம்சாச் சாயம் ஏறியதும் கிருமி நீல வளையமும் சிவப்புப் பொட்டுமாகக் கல் வைத்த மோதிரம் போலத் தெரியும். தொண்ணூறுகளில் வன்னித் தகடுகளில் அதைக் காண அரை நிமிடம் போதும். இலங்கைக்குள்ளேயே தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில். மலேரியா ஒழிந்த நாடென்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் 2016இல். இன்றைய இளம் டாக்டர்கள் காய்ச்சலென்றால் டெங்குவைத்தான் முதலில் நினைப்பார்கள், அவர்களில் எனக்குக் குறையில்லை. போய்வந்த நாட்டைச் சொல்ல வேண்டியவர்கள் நாம். முதல் தகட்டில் ஒன்றும் இல்லையென்றாலும் மறுநாளும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஒழிந்தது கிருமிதான். கனகராயன் ஆறு வற்றிக் குட்டை குட்டையாகத் தேங்கும்போது நுளம்பு இன்னும் பெருகுகிறது. வெளியிலிருந்து வந்த கிருமியை அது மறுபடி பரப்பலாம். ஆகவே அயலில் மலேரியா இயக்கத்தார் விரலில் குத்திப் பார்க்க வந்தால் படலையைச் சாத்தாதீர்கள். (அந்தக் காலத்தில் என்மேல் நாயையே அவிழ்த்துவிட்டார்கள்.)

அண்ணனுக்கு ஃபல்சிபாரம் வகை மலேரியா. இப்போது தேறிவிட்டார், 28ஆம் நாள்வரை இரத்தம் பார்க்க வேண்டும்.

கேள்வி: மருமகளுக்குச் சென்னையில் விவாக்ஸ் மலேரியா. 14 நாள் குளிசையை ஐந்தாம் நாள் நிறுத்திவிட்டாள். சுகமாகத்தான் இருக்கிறாள்.
– வாசகர், மன்னார்

பதில்: சுகம் காய்ச்சலுக்கு. கிருமி ஈரலில் படுத்திருந்து, நுளம்பு கடிக்காமலே மாதக்கணக்கில் பொறுத்து எழும்பும். அதற்குத்தான் ப்ரிமாகுயின், இந்தியாவிலும் இங்கேயும் வழமை 14 நாள். ஆனால் மிச்சத்தை நீங்களாகத் தொடங்க வேண்டாம். ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் நொதி) குறைபாடு இருந்தால் சிவப்பணு உடையும், சிறுநீர் தேயிலைச் சாயம்போலப் போகும். கர்ப்பிணிக்கு அந்தக் குளிசை ஆகாது. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். டாக்டர் எழுதிய பழைய துண்டையும் குளிசை அட்டையையும் கையில் கொடுத்து அனுப்புங்கள்.