தகவல் மேலாண்மை: வாசகர் கேள்விகள்

சேலம் வாசகர்: கணக்குகளை டேலி மென்பொருளில் வைத்திருக்கிறோம். ஈ.ஆர்.பி.க்கு (கொள்முதல் முதல் கணக்கு வரை எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும் மென்பொருள்) மாறலாமா?

என்ன தொழில், எத்தனை கிளை, சரக்கு இருப்பு எதில் பதிவாகிறது என எதையுமே எழுதாமல் கேட்டால் சோதிடர்தான் பதில் சொல்ல வேண்டும். கொள்முதல், உற்பத்தி, விற்பனை ஆகியவை தனித்தனி எக்செல் கோப்புகளில் ஓடி, மாதக் கடைசியில் இருப்பு ஒத்துப்போகாமல் ஆள் உட்கார்ந்து தேடும் நிலை வந்திருந்தால் யோசிக்கலாம்.

திருப்பூர் வாசகர்: எங்கள் பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் கணக்குப் பிரிவினர் நால்வரும் அட்மின் கடவுச்சொல்லிலேயே வேலை செய்கிறார்கள். எடிட் லாக் (யார், எப்போது, எதைத் திருத்தினார் என்ற பதிவு) இருந்தும் ஆடிட்டர் ஏன் குறை சொல்கிறார்?

ஆடிட்டர் சொல்வதுதான் சரி. ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியுடன் பதிந்துவைக்கும், நிறுத்திவைக்க முடியாத ஆடிட் டிரெயில் வசதி கொண்ட கணக்கு மென்பொருளையே கம்பெனிகள் பயன்படுத்த வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அது ஆண்டு முழுவதும் இயங்கியதா என்பதை ஆடிட்டர் தம் அறிக்கையில் எழுதியாக வேண்டும். மார்ச் மாதத்துப் பர்ச்சேஸ் வவுச்சர் ஒன்றில் 48,000 ரூபாய் என்றிருந்தது ஏப்ரலில் 84,000 ஆகியிருக்கிறது, திருத்தியவர் பெயர் ‘அட்மின்’ என்று லாக் காட்டினால், நால்வரில் யாரைக் கூப்பிட்டுக் கேட்பீர்கள்? மென்பொருளுக்கு லட்சக்கணக்கில் செலவிடத் தயங்காத முதலாளிகள், ஆளுக்கொரு யூசர் ஐ.டி. உருவாக்க அரை மணி நேரம் ஒதுக்க மறுப்பதை இந்தப் பகுதியில் எத்தனை முறை எழுதினாலும் கடிதங்கள் குறைந்தபாடில்லை. அட்மின் உரிமை உள்ளவர் வவுச்சர் போடக் கூடாது. புதிய சப்ளையரை மாஸ்டர் பட்டியலில் சேர்ப்பவரே அவருக்குப் பணம் அனுப்பவும் கூடாது. ஆள் போதாதென்றால் ஒப்புதல் தரும் வேலையை உரிமையாளரே வைத்துக்கொள்ளட்டும். வேலையை விட்டுப் போனவரின் ஐ.டி.யை அன்றே முடக்குங்கள், அழித்துவிடாதீர்கள்.

மதுரை வாசகர்: ஒரே வாடிக்கையாளருக்கு மூன்று லெட்ஜர்கள் இருக்கின்றன. எப்படிச் சேர்ப்பது?

பெயரை வைத்துத் தேடாமல் ஜி.எஸ்.டி. எண்ணை வைத்துத் தேடுங்கள். அந்த 15 இலக்கங்களில் மூன்றாவது முதல் பன்னிரண்டாவது வரை இருப்பது பான் எண் என்பதால், வெவ்வேறு மாநிலக் கிளைகளும் அகப்படும். அவற்றைத் தனி லெட்ஜராகவே விடுங்கள். பதிவு பெறாதவர்களுக்குக் கைபேசி எண்தான் வழி. சேர்த்து முடித்ததும், புது லெட்ஜர் திறக்கும் உரிமையை ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். இல்லையென்றால் அடுத்த ஆண்டும் இதே கடிதத்தை எழுதுவீர்கள்.

கரூர் வாசகர்: பேக்கப்பை அதே கணினியின் டி டிரைவில் எடுத்தால் போதாதா?

போதாது. ஹார்டு டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். ஒரு நகல் அலுவலகத்துக்கு வெளியே இருக்கட்டும். மாதம் ஒருமுறை வேறொரு கணினியில் ரீஸ்டோர் செய்து பாருங்கள்.

ஈரோடு வாசகர்: ஐ.டி. மேலாளர் இருக்கும்போது சி.ஐ.ஓ. (தலைமைத் தகவல் அதிகாரி) எதற்கு? எங்களிடம் 80 பேர் வேலை செய்கிறார்கள்.

உங்களுக்குத் தேவையில்லை. வாடிக்கையாளர் தகவலுக்கு விற்பனை மேலாளரும், சரக்குத் தகவலுக்கு ஸ்டோர் பொறுப்பாளரும் பெயர் போட்டுப் பொறுப்பேற்றால் போதும். ஐ.டி. மேலாளர் சர்வரைப் பார்த்துக்கொள்வார். அதிலுள்ள விலை சரியா என்று அவரிடம் கேட்காதீர்கள்.

கோவை வாசகர்: பழைய கணக்குகளை எப்போது அழிக்கலாம்?

கம்பெனியானால் 8 நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. ஆவணங்களுக்கு, அந்த ஆண்டின் ஆண்டறிக்கையைத் தாக்கல் செய்யும் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள். வழக்கோ மேல்முறையீடோ இருந்தால் ஆடிட்டரைக் கேட்காமல் எதையும் தொடாதீர்கள்.