ஃபைன் என்றால் நன்றா, பரவாயில்லையா?

அன்புள்ள ஐயா,

நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் கையேடுகள் எழுதும் வேலையில் இருக்கிறேன். போன மாதம் நாற்பது பக்கக் கையேடு ஒன்றை முடித்து அனுப்பினேன். மேலாளர் 'இட்ஸ் ஃபைன்' என்று ஒரே வரியில் பதில் போட்டார். எனக்கு அவ்வளவு சந்தோஷம், ஏனென்றால் ஃபைன் என்றால் மிகச் சிறந்தது என்றுதான் அகராதியில் படித்திருக்கிறேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அதே கையேட்டைத் திருத்தி எழுத இன்னொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். போய்க் கேட்டேன். 'சுமார்தான் என்று அன்றைக்கே சொன்னேனே' என்கிறார். எங்கே சொன்னார்? அகராதி தப்பா, நான் படித்தது தப்பா? இன்னொரு கேள்வியும் உண்டு. அபராதத்தையும் ஃபைன் என்கிறோமே, அதுவும் இதுவும் ஒரே சொல்தானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அகராதி சொன்ன பொருள் சரிதான். ஆனால் அந்தப் பொருள் எந்த இடத்தில் செல்லும் என்பதை உங்கள் அகராதி சொல்லாமல் விட்டுவிட்டது. ஃபைன் என்ற சொல்லுக்கு வாக்கியத்தில் அது உட்காரும் இடம்தான் பாதிப் பொருள்.

உங்கள் மேலாளர் 'எ ஃபைன் மேனுவல்' என்று எழுதியிருந்தால் நீங்கள் தாராளமாகச் சந்தோஷப்பட்டிருக்கலாம். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து, ஒரு ஆளையோ ஆள் செய்த வேலையையோ பற்றிச் சொல்லும்போது ஃபைன் உயர்ந்த பாராட்டு. 'ஷி இஸ் எ ஃபைன் சிங்கர்' என்றால் தேர்ந்த பாடகி. அதே பாடகியைப் பற்றி 'ஹர் சிங்கிங் வாஸ் ஃபைன்' என்று சொல்லிப் பாருங்கள், பாராட்டு சட்டென்று வடிந்துவிடும். பாடினார், குறை சொல்ல ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். சொல் ஒன்றுதான், முன்னாலிருந்து பின்னால் போனதும் மதிப்பு இறங்கிவிடுகிறது.

இதற்குத் தமிழில் மிகப் பொருத்தமான சொல் நம் கையிலேயே இருக்கிறது: பரவாயில்லை. ஒருவர் நம் எழுத்தைப் படித்துவிட்டுப் 'பரவாயில்லை' என்று சொன்னால் நாம் துள்ளிக் குதிப்பதில்லை, இல்லையா? காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்பவரிடமும் பரவாயில்லை என்கிறோம், இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள் என்று வற்புறுத்துகிறவரிடமும் பரவாயில்லை, போதும் என்கிறோம். ஆங்கிலத்தில் இந்த மூன்று இடத்திலும் பின்னால் வரும் ஃபைன்தான் வரும். 'ஐ ஆம் ஃபைன்' என்று சொன்னவருக்கு மறுபடியும் பரிமாறப் போகாதீர்கள், அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உங்கள் மேலாளர் எழுதிய ஒரு வரியைத் தமிழில் 'ம், பரவாயில்லை' என்று படித்துப் பாருங்கள். அவர் என்ன சொன்னார் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கும்.

இரண்டையும் பிரித்தறிய நான் வைத்திருக்கும் சோதனை எளிமையானது. முன்னால் 'வெரி' போட்டுப் பாருங்கள், அல்லது 'ஃபைனர்' என்று ஒப்பிட்டுப் பாருங்கள். வெரி ஃபைன் ரைட்டர் என்று சொல்லலாம், வெரி ஃபைன் பவுடர் என்று சொல்லலாம், இதைவிட அது ஃபைனர் என்றும் சொல்லலாம். ஆனால் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால் 'ஐ ஆம் வெரி ஃபைன்' என்பது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர் காதில் இடறும், நேற்றைவிட இன்று 'ஃபைனர்' என்று யாரும் சொல்வதே இல்லை. ஏனென்றால் அந்த ஃபைனில் கூடுதல் குறைவு கிடையாது. சிக்கல் இல்லை என்பதுதான் அதன் பொருள், சிக்கல் இல்லாமையில் என்ன ஏற்ற இறக்கம்? பர்ஃபெக்ட்லி ஃபைன், ஜஸ்ட் ஃபைன் என்பார்கள், 'வெரி' மட்டும் ஒட்டாது.

சரி, ஒரே சொல்லுக்குள் இத்தனை எப்படி வந்தது? வேர் லத்தீனில் இருக்கிறது. ஃபீனிஸ் என்றால் முடிவு, எல்லை. ஃபைனல், ஃபினிஷ், இன்ஃபினிட் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான். பழைய பிரெஞ்சு மொழியில் அது 'ஃபின்' ஆகி, முடிவுவரை கொண்டுபோகப்பட்டது, இனிமேல் சீராக்க ஏதும் மிச்சமில்லாதது என்ற பொருள் பெற்றது. 13-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் அதே பெருமையோடுதான் வந்தது. தங்கக் கட்டியில் 'ஃபைன் கோல்டு 999.9' என்று முத்திரை குத்தியிருப்பார்கள். கசடெல்லாம் நீங்கும்வரை புடம்போட்டது என்று அர்த்தம், எண் ஆயிரத்தில் எத்தனை பங்கு தங்கம் என்று சொல்கிறது. 22 காரட்டை 916 என்பதும் இந்தக் கணக்குதான். ரிஃபைன் என்ற வினைச்சொல்லும் இந்த ஃபைனிலிருந்து பிறந்ததே.

அடுத்த படியைத்தான் நான் மிகவும் ரசிப்பேன். முடிவுவரை தேய்த்த பொருள், முடிவுவரை அரைத்த பொருள் எப்படி ஆகும்? மெலிந்து பொடியாகும். அப்படித்தான் ஃபைன் என்றால் மெல்லிய, பொடியான, நுட்பமான என்ற அடுத்த கிளை கிளம்பியது. இந்தக் கிளைக்குத் தமிழில் 'நுண்' என்ற அடி அச்சு அசலாகப் பொருந்துகிறது. நுண்துகள், நுண்ணறிவு, நுண்கலை மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். முதலாவது அளவில் சிறியது, இரண்டாவது கூர்மையானது, மூன்றாவது ஃபைன் ஆர்ட்ஸ். வள்ளுவர் 407-ஆம் குறளில் 'நுண்மாண் நுழைபுலம்' என்று அறிவைச் சொல்கிறாரே, நுண்மை அங்கே சிறுமையா என்ன? மெலிந்ததும் மேம்பட்டதும் ஒரே சொல்லில் குடியிருப்பது ஒரு மொழிக்கு மட்டும் வாய்த்த விசித்திரம் இல்லை என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தருகிறது. நாம் பேச்சில் 'நைஸா அரை' என்று சொல்லும் இடத்திலும் ஆங்கிலம் ஃபைன் என்றுதான் சொல்லும்.

இந்தக் கிளையில் பாராட்டு இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. காற்று மாசு பற்றிய செய்திகளில் வரும் ஃபைன் பார்ட்டிக்கிள்ஸ், 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான விட்டம் கொண்ட தூசு. தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. நுரையீரலின் ஆழம்வரை போவது அது, நல்லது ஒன்றும் இல்லை. ஃபைன் பிரின்ட் என்பது அழகான அச்சு கிடையாது, ஒப்பந்தத்தின் அடியில் பொடி எழுத்தில் நம்மை மாட்டிவிடும் நிபந்தனைகள். கிரிக்கெட்டில் ஃபைன் லெக் என்கிறோம், அங்கே நிற்பவர் சிறந்த ஆட்டக்காரர் என்பதாலா? மட்டையாளருக்குப் பின்னால், ஆடுகளத்தின் நீளக் கோட்டை நீட்டினால் வரும் கோட்டுக்கு மிக அருகில், குறுகிய கோணத்தில் நிற்கிறார். அந்தக் கோணத்தின் மெலிவுதான் ஃபைன். பல வருடங்களுக்கு முன் ஒரு கட்டுரையை மொழிபெயர்த்தபோது 'எ ஃபைன் டிஸ்டிங்ஷன்' என்பதைச் 'சிறந்த வேறுபாடு' என்று எழுதிவிட்டேன். நுட்பமான வேறுபாடு என்று வந்திருக்க வேண்டும். அச்சுக்குப் போகும்முன் கண்ணில் பட்டது, ஆனாலும் அன்றிலிருந்து இந்தச் சொல்லை எங்கே பார்த்தாலும் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் போகிறேன்.

ஆக, பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்துவிட்டாலே பாராட்டு என்றும் பிடித்துக்கொள்ளாதீர்கள். எந்தப் பெயர்ச்சொல் என்று பாருங்கள். ஆள், எழுத்து, இசை என்றால் சிறப்பு. தையல் நூல், மணல், கோடு, வேறுபாடு என்றால் மெலிவு. 'எ ஃபைன் மெஸ்' என்று யாராவது சொன்னால் வஞ்சப்புகழ்ச்சி, நல்லா மாட்டினோம் என்று நாம் சொல்வோமே, அந்த 'நல்லா'.

அபராதத்துக்கு வருகிறேன். அதுவும் அதே ஃபீனிஸிலிருந்து வந்ததுதான், வழி மட்டும் வேறு. ஒரு வழக்கை, ஒரு தகராறைப் பணம் கொடுத்து முடித்துக்கொள்வதால் அந்தப் பணத்துக்கே முடிவு என்று பெயராகிவிட்டது. ஃபினான்ஸ் என்ற சொல்லும் கணக்குத் தீர்ப்பது என்ற இடத்திலிருந்து கிளம்பியதுதான். எனவே பெயரடையும் அபராதமும் ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள், ஆனால் வெவ்வேறு வீட்டில் வளர்ந்தவர்கள்.

உங்கள் மேலாளர் மேல் எனக்கும் வருத்தம் உண்டு. நாற்பது பக்கம் எழுதியவருக்கு இரண்டு சொல்லில் பதில் போடுவது நியாயம் இல்லை, அதுவும் பொருள் இப்படி வழுக்கும் ஒரு சொல்லில். அடுத்த முறை இதே வரி வந்தால் நன்றி சொல்லிவிட்டு அங்கேயே நிறுத்தாதீர்கள். எந்தப் பக்கத்தில் படிப்பு தட்டியது, எந்தப் பகுதியை மாற்றினால் நன்றாக இருக்கும் என்று உடனே கேளுங்கள். உங்கள் கையேடு இன்னொருவர் மேசைக்குப் போவதற்கு முன்னால் அந்தப் பதில் உங்கள் கையில் இருக்க வேண்டும்.