கண்ணில் இறங்கிய திருநீறு

கேள்வி: எனக்கு வயது 31. சொந்த ஊர் சேலம். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருந்தேன். 2025 ஏப்ரலில் ஆட்குறைப்பில் என் பெயரும் வந்தது. ஊர் திரும்பிவிட்டேன். மே 17 அன்று மும்பை மகாலட்சுமி ரேஸ்கோர்ஸில் அமெரிக்க ராக் குழுவான கன்ஸ் அண்ட் ரோசஸின் கச்சேரி. டிக்கெட் வேலை போவதற்கு முன்பே எடுத்தது. பாகிஸ்தானோடு எல்லையில் சண்டை ஓய்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, கச்சேரி நடக்குமா என்பதே சந்தேகமாக இருந்தது. நடந்தது. அவர்களுடைய கிதார் கலைஞர் ஸ்லாஷ் கிதாரை எடுத்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் நடுவில் நின்று அழுதேன். வேலை போனதிலிருந்து நான் உயிரோடு இருப்பதாக உணர்ந்த ஒரே இரவு அது. கிளம்பும்போது அப்பா பூசிவிட்ட திருநீறு வியர்வையில் கரைந்து கண்ணில் இறங்கி எரிந்தது, அதுகூட நன்றாக இருந்தது (வீட்டில் நேர்காணல் என்று சொல்லியிருந்தேன்). போஸ்னியப் போரில் முற்றுகையில் கிடந்த சரயேவோ நகரிலேயே 1994-இல் ராக் பாடகர் புரூஸ் டிக்கின்சன் போய்ப் பாடினார். அந்த மக்களுக்கு ராக் இசை தந்ததைத்தான் எனக்கும் தருகிறது. நண்பர்களோ பொறுப்பில்லாதவன் என்கிறார்கள். நான் தேடுவது அர்த்தமா, வெறும் தப்பித்தலா?

பதில்: தம்பி, உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் மூன்றே முக்கால் பக்கம் கிதார். மீதிக் கால் பக்கத்தில் ஓர் அடைப்புக்குறி. நான் அந்த அடைப்புக்குறிக்குத்தான் பதில் எழுதப்போகிறேன்.

இசை ஆறுதல் தரும், குற்ற உணர்ச்சி வேண்டாம், நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதற்கு நான் தேவையில்லை. கச்சேரிக்கு நான் எதிரியும் இல்லை. நீங்கள் சாட்சிக்கு அழைக்கும் அதே டிக்கின்சன் தன் குழுவான அயர்ன் மெய்டனோடு 2007 மார்ச் 17 அன்று பெங்களூரு அரண்மனை மைதானத்தில் பாடியபோது, அக்கா மகனுக்குத் துணையாக நானும் போயிருந்தேன். பாதிப் பாட்டில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. கால் வலி இரண்டு நாள் இருந்தது. ஆனாலும் அத்தனை பேர் ஒரே வரியை ஒரே மூச்சில் பாடும்போது உடம்பு சிலிர்த்ததை மறைக்க மாட்டேன். டிக்கெட் பணமும் நீங்கள் சம்பாதித்த பணம். அதில் எனக்கு வழக்கு இல்லை.

வழக்கு திருநீற்றில் இருக்கிறது.

முதல் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: அப்பா போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் சுகவனேசுவரர் கோயிலுக்குப் போய் உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்தார். ரயிலடிவரை வந்து, நெற்றியில் பூசி, வழிச்செலவுக்கு ரூ.3,000 கொடுத்தார். இதையெல்லாம் ஒரு வேடிக்கைக் காட்சிபோலச் சொல்லிவிட்டு ‘பக்கத்தில் நின்றவன் என் நெற்றியைப் பார்த்துச் சிரித்தான்’ என்று முடித்திருக்கிறீர்கள். படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனிதர் எந்தச் சந்நிதியில், எந்தப் பெயருக்கு, எதற்காகக் கைகூப்பி நின்றார்? இல்லாத நேர்காணலுக்காக. வேலை போன மகனுக்கு ஒரு நல்லது நடக்கட்டும் என்று நின்றவரை, கடவுளுக்கு முன்னாலேயே ஏமாளியாக்கியிருக்கிறீர்கள். கண் எரிந்தது நன்றாக இருந்ததாம். நல்லா எரியட்டும்.

சரயேவோவை எடுத்துக்கொண்டு வராதீர்கள். ஏறக்குறைய நான்கு ஆண்டு முற்றுகை அது. தண்ணீர் பிடிக்கப் போனவர்கள் துப்பாக்கிக் குறிக்குத் தப்பித்தான் வீடு திரும்ப வேண்டும். அப்போது அயர்ன் மெய்டனிலிருந்து விலகியிருந்த டிக்கின்சன், லாரியில் மலைப்பாதை வழியாக அந்த ஊருக்குள் போய்ப் பாடினார். அரங்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் ஒரே ஊர்க்காரர்கள். ஒருவர் கஷ்டம் இன்னொருவருக்குத் தெரியும், யாரும் யாரிடமும் மறைக்க வேண்டியதில்லை. அவர்களுக்குக் கிடைத்தது அது. உங்களுக்குக் கிடைத்தது நேர் எதிர். உங்கள் கடிதத்தில் இருப்பதைத்தான் திருப்பிச் சொல்கிறேன்: ‘அங்கே யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை.’

சேலத்தில் எல்லாரும் கேட்கிறார்கள். பால்காரர் கேட்கிறார், சித்தப்பா கேட்கிறார், கல்யாண வீட்டுப் பந்தியில் இலைக்கு எதிரே உட்கார்ந்தவர்கூடக் கேட்கிறார், ‘வேலை ஏதாவது அமைஞ்சுதா தம்பி?’ என்று. மகாலட்சுமி ரேஸ்கோர்ஸில் நின்றவர்களுக்கு நீங்கள் யாரென்றே தெரியாது. அந்த நிம்மதியைத்தான் நீங்கள் அர்த்தம் என்று பெயர் வைத்து அழைக்கிறீர்கள். அழுகையில் பாதி ஸ்லாஷுக்கு என்று ஒப்புக்கொள்கிறேன். பாதி அப்பாவுக்கு. அதைப் பிரித்துப் பார்க்க உங்களுக்குத் தைரியம் வரவில்லை.

காலம் நிச்சயமில்லாதது, அது உண்மைதான். மே 10 அன்று சண்டை நிறுத்தம். நிறுத்தி வைத்திருந்த ஐபிஎல் நீங்கள் மும்பையில் நின்ற அதே மாலை பெங்களூருவில் மறுபடி தொடங்குவதாக இருந்தது, மழை டாஸ் போடக்கூட விடவில்லை. நாட்டில் எல்லாருக்கும்தான் எது நடக்கும், எது நடக்காது என்று தெரியவில்லை. உங்கள் அப்பாவுக்கு மட்டும் தெரியுமா என்ன? நிச்சயமில்லாத காலத்தில் அவர் கையில் இருந்த ஒரே நிச்சயம், மகன் நேர்காணலுக்குப் போயிருக்கிறான் என்பது. அது பொய்.

திரும்பி வந்த பிறகு அவர் என்ன கேட்டார் என்று நீங்கள் எழுதவே இல்லை. ‘மும்பையிலிருந்து பதில் வந்ததா?’ என்று கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றால், ஒவ்வொரு முறையும் புதுப் பொய் ஒன்று தேவைப்பட்டிருக்கும். கேட்கவில்லை என்றால் இன்னும் மோசம். டிக்கெட் எடுக்காதவன் எப்படி ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான், எப்படித் தூங்குவதுபோல நடிப்பான் என்பதையெல்லாம் சர்வீஸ் முழுக்கப் பார்த்தவர் கண்டக்டர். உங்கள் முகம் அவருக்குப் புரியாது என்று நினைக்கிறீர்களா? அநேகமாகத் தெரிந்திருக்கும். தெரிந்தும் உங்கள் மானத்தைக் காப்பாற்ற வாயைத் திறக்காமல் இருக்கிறார்.

நான் பழைய ஆள். ‘என் வாழ்க்கை, என் விருப்பம்’ என்ற பேச்சு எனக்கு முழுசாகப் பிடிபடுவதில்லை. வேலையில்லாத பிள்ளை அப்பா வீட்டில் சாப்பிடுவதில் கேவலம் எதுவும் இல்லை, அதற்குத்தான் வீடு. சம்பளம் வருகிறபோது கொடுங்கள், வராதபோது அவரிடம் உண்மை பேசுங்கள். 31 வயதில் அதுகூட முடியாது என்றால், நண்பர்கள் சொன்ன ‘பொறுப்பில்லாதவன்’ என்ற சொல்லோடு எனக்குச் சண்டை இல்லை. அவர்கள் காரணம்தான் தப்பு.

இன்று மாலையே சொல்லுங்கள். அம்மா மூலமாகச் சொல்லி அனுப்பாதீர்கள், வாட்ஸ்அப்பில் எழுதாதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம், தட்டை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். அவர் நடக்கப் போகும்போது கூடப் போங்கள். நேர்காணல் எதுவும் இல்லை, கச்சேரிக்குப் போனேன், சொல்லப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். சரயேவோ வேண்டாம், அர்த்தம் வேண்டாம். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

டிசம்பரில் இன்னொரு கச்சேரிக்குப் போகலாமா என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்? அதையும் அவரிடமே சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

அப்புறம் அந்த ரூ.3,000. திருப்பிக் கொடுங்கள். வாங்க மாட்டார். அலமாரியில் அவர் கண்ணாடிக்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.