83 மடங்கு ஜூம் இருந்தும் படம் ஏன் மங்கலாக வருகிறது?

கேள்வி: பறவைகளைப் படம் எடுக்க ஆசைப்பட்டு, 83 மடங்கு ஜூம் உள்ள கேமரா ஒன்றைப் புதிதாக வாங்கினேன். வீட்டு மாடியில் எடுத்தால் படம் தெளிவாக வருகிறது. குளத்துக்குப் போய் முழு ஜூமில் எடுத்தால் பஞ்சுபோல் மங்கிவிடுகிறது. கேமராவில் கோளாறா, நான் தவறு செய்கிறேனா?

பதில்:

கேமராவைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். மாடியில் எடுத்த படம் தெளிவாக வருகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பெரும்பாலும் லென்ஸில் குறை இருக்காது.

நான் வைத்திருப்பதும் 83 மடங்கு ஜூம்தான், நிக்கான் பி950. வீடு பாளையங்கோட்டையில் என்பதால் மார்கழி, தை மாதங்களில் கூந்தங்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு வாரம் ஒருமுறையாவது போய்விடுவேன். கேமரா வாங்கி முதன்முறை போனபோது குளத்தின் நடுவே வரித்தலை வாத்துகள் கூட்டமாக மிதந்துகொண்டிருந்தன. இமயமலையைத் தாண்டி வந்த பறவைகள்! கரையில் நின்றபடியே ஜூமை முழுவதும் நீட்டி, காலை பதினொரு மணி வெயிலில் இருநூறு படங்களுக்கு மேல் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் திறந்து பார்த்தால், ஒரு வாத்தின் தலையில்கூட அந்த இரண்டு கறுப்புப் பட்டைகள் துலக்கமாக விழவில்லை. அன்று இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. ஆகவே உங்கள் வருத்தம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

அன்றைய தவறு கேமராவில் இல்லை, தொலைவில் இருந்தது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். முழு ஜூமில், அதாவது 2000 மி.மீ. குவியத்தூரத்துக்கு இணையான அளவில், 100 மீட்டர் தள்ளி இருக்கும் காட்சியில் சுமார் 1.7 மீட்டர் அகலம்தான் படச் சட்டத்துக்குள் வரும். 20 மீட்டரில் வெறும் 35 சென்டிமீட்டர். வெண்மார்பு மீன்கொத்தியின் நீளம் ஏறத்தாழ 28 சென்டிமீட்டர். 20 மீட்டரில் அது அமர்ந்திருந்தால் படத்தை நிறைத்துவிடும், இறகின் ஒவ்வொரு இழையும் தெரியும். 300 மீட்டரிலோ சட்டத்தின் அகலம் ஐந்து மீட்டரைத் தாண்டிவிடும். முக்கால் மீட்டர் நீள வாத்து அதில் ஏழில் ஒரு பங்கு. அந்த ஏழில் ஒரு பங்கும் 300 மீட்டர் சூடான காற்றைக் கடந்துதான் லென்ஸுக்கு வந்து சேர வேண்டும்.

இந்தக் காற்றுதான் பலர் நினைத்தே பார்க்காத எதிரி. கோடையில் தார்ச்சாலைக்கு மேல் கானல் நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே நெளிவு, கண்ணுக்குத் தெரியாத அளவில், வெயில் ஏறிய எல்லா நிலத்தின்மேலும் நடந்துகொண்டே இருக்கிறது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலக்கும் இடத்தில் ஒளி சற்றே வளைந்து வளைந்து வருகிறது. 83 மடங்கு பெரிதாக்கும்போது அந்த வளைவும் சேர்ந்து பெரிதாகிறது. ஷட்டர் திறந்து மூடும் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும், எவ்வளவு கனமான முக்காலி வைத்தாலும் இது சரியாகாது. இதே கேமராவில் உச்சி வானத்து நிலவை எடுத்துப் பாருங்கள். 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் நிலவின் பள்ளங்கள் தெளிவாக விழும், 300 மீட்டர் தொலைவில் இருக்கும் வாத்து விழாது. மேல்நோக்கிப் பார்க்கும்போது தரையை ஒட்டிய சூட்டுப் படலத்தைச் சட்டென்று கடந்துவிடுகிறோம். குளத்தைப் பார்க்கும்போது அந்தப் படலத்துக்குள்ளேயே நெடுக எட்டிப் பார்க்கிறோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

அதனால் நான் இப்போது காலை ஏழு மணிக்குள் குளக்கரையில் இருப்பேன். ஏழிலிருந்து எட்டரை வரைதான் எனக்கு வேலை. அதற்கு முன் வெளிச்சம் போதாது, அதற்குப் பின் காற்று நெளியத் தொடங்கிவிடும். கூந்தங்குளத்தில் இன்னொரு வசதி, பருவத்தில் மஞ்சள் மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் ஊருக்குள்ளேயே, வீடுகளை ஒட்டிய மரங்களில் கூடு கட்டும். தெருவில் நின்றபடியே 15, 20 மீட்டரில் படம் எடுக்கலாம். அங்கே முழு ஜூம்கூடத் தேவைப்படாது. உங்கள் ஊரில் எந்தக் குளமாக இருந்தாலும், பறவை தானாகக் கரைக்கு அருகில் வரும் நேரத்தையும் இடத்தையும் கண்டுபிடித்து அசையாமல் உட்கார்ந்திருங்கள். அந்த வரித்தலை வாத்துகளையும் பிறகு ஒருநாள் அப்படித்தான் எடுத்தேன். விடிந்த சிறிது நேரத்தில் கரையோரப் புல்லில் மேய வந்தன. நாற்பது மீட்டருக்குள் இருந்திருக்கும். இரண்டு பட்டைகளும் மை தீட்டியதுபோல் விழுந்தன. ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: தொலைவைக் குறைக்க வேண்டும் என்பதற்காகக் கூட்டை நெருங்காதீர்கள். தாய்ப்பறவை எழுந்து போனால் முட்டையும் குஞ்சும் வெயிலில் கிடக்கும். எந்தப் படமும் அதற்கு ஈடாகாது.

காரிலிருந்து எடுப்பவராக இருந்தால், எஞ்சினையும் ஏ.சி.யையும் அணைத்துவிட்டு, கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டுச் சிறிது நேரம் காத்திருங்கள். உள்ளே இருக்கும் குளிர்காற்று ஜன்னல் வழியே வெளிக்காற்றோடு கலக்கும்போது அங்கேயே ஒரு கானல் உண்டாகிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

அடுத்தது கை நடுக்கம். 2000 மி.மீ. என்றால் கையில் பிடித்து எடுக்க 1/2000 நொடி வேண்டும் என்பது பழைய விதி. கேமராவுக்குள் இருக்கும் அதிர்வுக் குறைப்பு நன்றாக வேலை செய்வதால் அவ்வளவு வேகம் வேண்டியதில்லை. ஆனால் அது சரிசெய்வது உங்கள் கையின் ஆட்டத்தை மட்டுமே, பறவை தலையைத் திருப்புவதை அதனால் நிறுத்த முடியாது. ஷட்டர் வேகம் அமர்ந்திருக்கும் பறவைக்கு 1/500 நொடி, பறக்கும் பறவைக்கு 1/1000 நொடியைவிட வேகமாக என்று வைத்துக்கொள்ளுங்கள். தானியங்கி அமைப்பில் விட்டால் கேமரா பல நேரங்களில் 1/125, 1/200 என்று எடுத்துவிடும். உங்கள் குளத்துப் படங்களின் விவரங்களைத் திறந்து பார்த்தால் அப்படி ஓர் எண் இருக்கும் என்றே நினைக்கிறேன். மேலே உள்ள சக்கரத்தை ஷட்டர் முன்னுரிமைக்குத் திருப்பி, வேகத்தை நீங்களே தீர்மானியுங்கள்.

திரையைப் பார்த்தபடி கேமராவைக் கைநீட்டிப் பிடிக்காதீர்கள். கண்ணை வியூஃபைண்டரில் பதியுங்கள், முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள், இடது உள்ளங்கையை லென்ஸுக்கு அடியில் கொடுங்கள். நெற்றி, இரண்டு கைகள் என்று மூன்று இடங்களில் கேமரா தாங்கி நிற்கும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, பொத்தானைச் சட்டென்று அமுக்காமல், மெதுவாக அழுத்தத்தைக் கூட்டுங்கள். மூன்று நான்கு படங்கள் தொடர்ச்சியாக எடுங்கள். பொத்தானை அழுத்தும்போது ஏற்படும் ஆட்டம் முதல் படத்தில் இருக்கும், இரண்டாவதும் மூன்றாவதும் அநேகமாகத் தெளிவாக இருக்கும்.

முக்காலியைவிட எனக்குப் பிடித்தது புளியங்கொட்டைப் பை. பழைய பேன்ட்டின் ஒரு காலை வெட்டி, ஒரு முனையைத் தைத்து, முக்கால் பங்கு புளியங்கொட்டையால் நிரப்பி மறுமுனையையும் தைத்துவிட்டேன். கரைச்சுவர், கார் ஜன்னல், பாறை எதன்மேல் வைத்தாலும் லென்ஸுக்கு ஏற்றபடி குழிந்து பிடித்துக்கொள்கிறது. முழுவதும் நிரப்பிவிடாதீர்கள், கல்போல் ஆகிவிடும். முக்காலிதான் என்றால், அதில் பூட்டியபின் அதிர்வுக் குறைப்பை அணைத்து, இரண்டு நொடி டைமர் வைத்து எடுங்கள்.

வெளிச்ச விஷயத்தில் இந்த வகைக் கேமராவுக்கு ஓர் எல்லை உண்டு, அதை மதித்துத்தான் ஆக வேண்டும். உள்ளே ஒளியை வாங்கிப் படமாக்கும் சென்சார் 6.2 மி.மீ. அகலமும் 4.6 மி.மீ. உயரமும் உள்ள ஒரு சிறு துண்டு. முழுச்சட்ட (full-frame) வகைப் பெரிய கேமராவின் சென்சாரோ 36-க்கு 24 மி.மீ., பரப்பில் முப்பது மடங்கு பெரியது. போதாக்குறைக்கு, ஜூம் இல்லாதபோது எஃப் 2.8 ஆக இருக்கும் லென்ஸின் ஒளித்துளை, முழு ஜூமில் எஃப் 6.5 ஆகிவிடுகிறது (எண் கூடினால் துளை சிறிது). வரும் வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதை ஈடுகட்டக் கேமரா ஐ.எஸ்.ஓ.வை, அதாவது ஒளியுணர்திறன் அளவை, மிகவும் உயர்த்திவிடும். பிறகு எழும் புள்ளிகளை மறைக்கப் படத்தைத் தேய்க்கும். இறகுகள் நீர்வண்ண ஓவியம்போல் குழைந்துபோவது இந்தத் தேய்ப்பால்தான். நான் ஐ.எஸ்.ஓ. மேல்வரம்பை 800-இல் நிறுத்தி வைத்திருக்கிறேன். நல்ல வெயிலில் 1/500 நொடிக்கு 100-ஏ போதும், விடியற்காலையில் 800 வரை போக நேரிடும். அதற்கு மேல் தேவைப்பட்டால் கேமராவை இறக்கி வைத்துவிட்டுப் பறவையைக் கண்ணால் பார்க்கிறேன். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள், இதனால் கிடைக்கும் துலக்கம் வேறு எதனாலும் கிடைக்காது.

பெரிய கேமரா வைத்திருக்கும் நண்பர்கள், "துளையைச் சிறிதாக்கினால் கூர்மை கூடும், எஃப் 8-இல் எடுங்கள்" என்பார்கள். அவர்களுடைய கேமராவுக்கு அது பொருந்தும், நம்முடையதற்குப் பொருந்தாது. நம் சென்சாரில் ஒவ்வொரு புள்ளியும் (பிக்சல்) ஒரு மைக்ரானைச் சற்றே தாண்டிய அளவுதான். எஃப் 6.5-இலேயே ஒளி துளையின் விளிம்பில் சிதறி, அதைவிடப் பல மடங்கு பெரிய வட்டமாகத்தான் விழுகிறது. இன்னும் சிறிதாக்கினால் சிதறலும் கூடும், வெளிச்சமும் குறையும். துளையை எப்போதும் முழுவதும் திறந்தே வையுங்கள்.

ஃபோகஸைச் சட்டம் முழுவதற்கும் விடாமல், நடுவில் ஒரே ஒரு சிறு புள்ளியாக அமைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பறவைக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியைக் கேமரா பிடித்துக்கொள்ளும். புள்ளியைப் பறவையின் கண்ணில் வைக்க வேண்டும். ஃபோகஸ் பிடிக்க முடியாமல் லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்தால், ஜூமைக் குறைத்து, அதே தொலைவில் உள்ள மரத்தில் பிடிக்கவைத்து, மறுபடி நீட்டுங்கள்.

லென்ஸின் முன்னால் ஃபில்டர் ஏதாவது மாட்டியிருக்கிறீர்களா? எனக்குக் கடையில் பாதுகாப்புக்கு என்று ஒன்றை இலவசமாக மாட்டிக் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழற்றவே இல்லை. கழற்றிய அன்று முழு ஜூம் படங்களில் தெரிந்த மாற்றத்தை நம்பவே முடியவில்லை. மலிவான கண்ணாடி சிறு ஜூமில் தொந்தரவு தராது, 2000 மி.மீ.யில் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். மெனுவில் டிஜிட்டல் ஜூமையும் அணைத்துவிடுங்கள். அது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது மட்டுமே, அதை வீட்டில் நீங்களே செய்துகொள்ளலாம். ஏ.சி. அறையிலிருந்து நேரே கடற்கரைக்கோ குளத்துக்கோ போனால் லென்ஸில் ஆவி படியும். அரை மணி நேரம் பையைத் திறக்காமல் வைத்திருந்தால் சரியாகிவிடும்.

இவற்றில் உங்கள் படத்தைக் கெடுப்பது எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். கணினியில் ஒரு படத்தை முழு அளவில் திறந்து பாருங்கள். எல்லாக் கோடுகளும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆட்டம். பறவை மங்கி, முன்னால் இருக்கும் புல்லோ பின்னால் இருக்கும் கிளையோ தெளிவாக இருந்தால் ஃபோகஸ். இறகு குழைந்து மெழுகு பூசியதுபோல் இருந்தால் ஐ.எஸ்.ஓ. எதுவும் இழுபடாமல், விளிம்புகள் மட்டும் நெளிந்து, அடுத்தடுத்த படங்களில் பறவையின் வடிவமே கொஞ்சம் கொஞ்சம் மாறினால் காற்று.

அதோடு, அதிகாலையில் மாடிச் சுவரில் ஒரு செய்தித்தாளை ஒட்டி, 15 மீட்டர் தள்ளி முக்காலியில் வைத்து, ஐ.எஸ்.ஓ. 100-இல், டைமர் போட்டு முழு ஜூமில் எடுங்கள். செய்தியின் சிறு எழுத்துகளில் புள்ளி வைத்த மெய்யெழுத்தும் புள்ளியில்லாத எழுத்தும் பிரித்துத் தெரிந்தால் உங்கள் கேமரா நலமாக இருக்கிறது. நான்கைந்து முறை எடுத்தும் தெரியவில்லை என்றால் மட்டும் உத்தரவாத அட்டையைத் தேடுங்கள். செய்தித்தாள் படத்தையும் குளத்துப் படம் ஒன்றையும் ஷட்டர் வேகம், ஐ.எஸ்.ஓ., எடுத்த நேரம் மூன்றோடும் இங்கே கருத்துப் பகுதியில் போடுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.