மகளுக்குக் கரும்பொருள் ஆராய்ச்சி ஆசை: இயற்பியலை விட்டு மாற்றலாமா?

அன்புள்ள ஐயா,

கரும்பொருளை (ஒளி தராமல், ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் பொருள்) ஏஐ கொண்டு ஆராய ஆசைப்படும், பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டில் இருக்கும் மகளைக் கம்ப்யூட்டர் சயன்ஸுக்கு மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நிரல் எழுதுவதைச் சில மாதங்களில் தேற்றிவிடலாம். புள்ளியியல் இயக்கவியலும் ஈர்ப்பும் அப்படிக் கைக்கு வராது.

பைத்தான் மொழியும், அதில் ஏஐ நெட்வொர்க்குகளைப் பயிற்றுவிக்க உதவும் பைடார்ச்சும் ஓரளவு பழகியதும், பிரபஞ்சத்தைக் கணினியில் உருவகப்படுத்தும் கேமல்ஸ் திட்டம் இலவசமாகத் தரும் வரைபடத் தொகுப்பை எடுக்கச் சொல்லுங்கள். இலஸ்ட்ரிஸ் டிஎன்ஜி, சிம்பா என்ற இரண்டு வகைகளிலும் தலா 1,000 சிமுலேஷன், அதாவது கணினியில் ஓட்டிப் பார்த்த மாதிரிப் பிரபஞ்சம். ஒவ்வொன்றிலிருந்தும் 15 படம், ஒரு படம் 256×256 பிக்சல். கரும்பொருள் நிறைப் படங்கள் மட்டும் ஒரு வகைக்கு 15,000, கோப்பு சுமார் 4 ஜிபி. படத்தைக் கொடுத்தால் பிரபஞ்சத்தில் பொருளின் பங்கு எவ்வளவு என்று நெட்வொர்க் சொல்ல வேண்டும். உலாவியிலேயே நிரல் ஓட்டும் இலவச கூகுள் கோலாபே போதும்.

முதலில் பிக்சல் மதிப்புகளுக்கு மடக்கை (லாக்) எடுக்க வேண்டும். அடர்த்தி பல மடங்கு வேறுபடுவதால், எடுக்காவிட்டால் நாலைந்து பிரகாசமான புள்ளிகளே பயிற்சியை இழுத்துக்கொண்டு போய்விடும். அடுத்ததில்தான் பலர் சறுக்குகிறார்கள். 15,000 படங்களையும் கலைத்துப்போட்டுப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்தால், ஒரே சிமுலேஷனின் படங்கள் இரண்டு பக்கமும் போய் விழும். பிழை பொய்யாகக் குறையும். சிமுலேஷன் எண்ணை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். படத்தின் வரிசை எண்ணை (பூஜ்யத்தில் தொடங்கும்) 15ஆல் வகுத்தால் வரும் ஈவுதான் அந்த எண்.

கடைசியாக, டிஎன்ஜியில் பயிற்றுவித்ததைச் சிம்பாவில் சோதிக்கட்டும். மொத்த நிறைப் படங்களில் ஓரளவு தாங்கும். வாயு வெப்பநிலைப் படங்களில் கவிழ்ந்துவிடும். கருந்துளைகளும் விண்மீன் வெடிப்புகளும் வாயுவைச் சூடாக்கும் விதத்தை இரண்டும் வேறுவேறாக எழுதியிருக்கின்றன. நெட்வொர்க் பிரபஞ்சத்தைக் கற்காமல், அப்படி எழுதிய விதத்தைக் கற்றுக்கொள்கிறது. இதை விளக்கத்தான் இயற்பியல் வேண்டும். நேர்முகத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறவருக்கு, எந்த ஏஐ சான்றிதழும் தராத மதிப்பு கிடைக்கும்.

எம்.எஸ்சி.க்கு ஐஐடிகளின் ஜாம் நுழைவுத்தேர்வு, பிப்ரவரியில். பிஎச்.டி.க்கு ஜெஸ்ட், நெட் தேர்வுகள்; சென்னை கணித அறிவியல் நிறுவனம், புனேயின் வானியல் ஆய்வு மையமான ஐயூகா இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். நிரந்தர ஆசிரியப் பணியிடங்கள் குறைவு, இதை மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். தரவைச் சரியாகப் பிரிக்கவும் பிழையை அளக்கவும் பழகியிருந்தால், ஆராய்ச்சி ஒத்துவராவிட்டாலும் டேட்டா சயன்ஸ் வேலைக்கு விண்ணப்பிக்கலாம்.