தைலமரத்துக்குன்னே ஒரு தோட்டம்: கேளுங்க, சொல்றேன்

நான் ஆஸ்திரேலியாவுல அடிலெய்டுல இருக்கேன், படிச்சது தாவரவியல். இங்கிருந்து தெற்கே கூல்வா ஊர்கிட்ட கரன்சி க்ரீக் ஆர்போரேட்டம்னு ஒரு மரத்தோட்டம் இருக்கு, தைலமரம்னு நாம சொல்ற யூகலிப்டஸ் வகை மட்டும்தான், 1993ல டீன் நிக்கோல்ங்கிற ஆராய்ச்சியாளர் நட ஆரம்பிச்சது. காட்டுல எடுத்த விதையில இருந்துதான் வளர்க்கணும், நாத்துல இருந்தே கவனிக்கணும்னு அதப்பத்தி எழுதியிருந்தேன், அதுக்கு வந்த கேள்விங்களுக்கு இங்க பதில் சொல்றேன்.

கவிதா: அக்கா, தைலமரம்னா ஒரே மரம்தானே, அதுக்கு எதுக்கு தனித் தோட்டம்?

ஒண்ணு இல்லம்மா, 800க்கும் மேல இருக்கு! ஊட்டில பெரும்பாலும் நாம பாக்குறது ப்ளூ கம், டாஸ்மேனியா, விக்டோரியா பக்கத்து மரம். அதே வகையில தரையிலிருந்தே நாலஞ்சு தண்டா கிளம்புற குட்டை மாலியும் இருக்கு, 100 மீட்டர்கிட்ட வளர்ற மவுண்டன் ஆஷும் இருக்கு.

செந்தில்: நர்சரில கன்னு வாங்கி நட்டா போதாதா? காட்டு விதைதான் வேணும்னு ஏன் அவ்ளோ பிடிவாதம்?

இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமான கேள்வி. பல இனம் பக்கத்துல பக்கத்துல நிக்கிற எடத்துல தேனீ ஒரு பூவுல இருந்து இன்னொண்ணுக்குப் போகும், அங்க எடுக்குற விதை கலப்பாயிடலாம், கன்னு எந்த இனம்னே சொல்ல முடியாது. அதனால காட்டுல எந்த எடத்துல, எந்த மரத்துல விதை எடுத்தோம்னு குறிச்சு வைக்கணும், அந்த மரத்தோட கிளைய காயவச்சு ஹெர்பேரியத்துலயும் (காயவச்ச செடி மாதிரிங்கள சேர்த்து வைக்கிற எடம்) வைக்கணும். அந்தக் குறிப்பு தொலைஞ்சா மரம் நல்லா நின்னாலும் ஆராய்ச்சிக்கு உதவாது. நாத்துல இருந்தே பாக்கணும்ங்கிறதுக்கும் காரணம் இருக்கு, ப்ளூ கம் கன்னுல இலை அகலமா, ஜோடி ஜோடியா, தொட்டா விரல்ல வெள்ளைப் பொடி ஒட்டும், அதுவே பெரிய மரமானா அரிவாள் மாதிரி நீளமா தொங்கும், ரெண்டும் ஒரே மரம்னு சத்தியம் பண்ணாலும் நம்ப மாட்டீங்க.

ராஜா: காட்டுத்தீல எல்லாம் போயிடாதா அக்கா?

நிறைய இனத்துக்கு அடியில மரக்கட்டையா ஒரு கிழங்கு மாதிரி இருக்கு, மேல கருகினாலும் அதுல இருந்து துளிர்க்கும். மவுண்டன் ஆஷுக்கு அது கிடையாது, பெரிய தீ வந்தா செத்துரும், விதை விழுந்துதான் திரும்ப வரணும், அந்தக் கன்னு விதை பிடிக்கிறதுக்குள்ள மறுபடியும் தீ வந்தா அந்த எடத்துல அதோட கதை முடிஞ்சுது. எது துளிர்க்கும் எது துளிர்க்காதுன்னு தெரிஞ்சாதான் எதக் காப்பாத்தணும்னு தெரியும்.

மீனா, மெல்போர்ன்: என் பாங்க்சியா (ஆஸ்திரேலியாவோட பூச்செடி) கோழி எரு போட்டதுல இருந்து மஞ்சளாகுது.

உடனே நிறுத்துங்க மீனா! கோழி எருவுல பாஸ்பரஸ் ஜாஸ்தி. சத்தில்லாத மண்ணுல கொஞ்சூண்டு பாஸ்பரஸையும் உறிஞ்சுறதுக்குன்னே கொத்துக்கொத்தா வேர் விடுற செடி அது, அள்ளிக் கொடுத்தா விஷமாயிடும். மேல இருக்குற எருவ வழிச்சு எடுத்துட்டு தண்ணி மட்டும் விடுங்க.

பாலு: பசங்கள அந்த ஆர்போரேட்டத்துக்குக் கூட்டிட்டுப் போலாமா?

தினமும் திறக்க மாட்டாங்க, பார்வைக்குன்னு விடுற நாள் பாத்துதான் போகணும். போனா பூக்குற மரத்தடியில குனிஞ்சு தேடச் சொல்லுங்க, குட்டிக் குட்டி தொப்பி மாதிரி கெடக்கும். மொட்டோட மூடி அது, அது கழண்டு விழுந்தாதான் உள்ள இருந்து மகரந்தக் கேசரம் குஞ்சம் மாதிரி விரியும்.